‘டு விட்’ பகிடி அல்ல: வழக்கொழிந்த ஒரு வினைச்சொல்லில் ஐந்து அகராதிகளை உரைத்துப் பார்த்தால்

பழைய ஆங்கிலக் காணி உறுதியொன்றைத் தமிழாக்க எடுத்தால், காணியின் விபரம் தொடங்கும் இடத்தில் சில வேளை ‘டு விட்’ என்று இரண்டு சொல் நிற்கும். பின்னால் ஒரு முக்காற்புள்ளி. அதற்குப் பின்னால் துண்டு துண்டாக எல்லைகள். மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடையில் வாங்கிய கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியைப் பிரித்தால், ‘விட்’டுக்கு நேரே நகைச்சுவை, புத்திக்கூர்மை என்றிருக்கும். வடக்கே வாய்க்கால், கிழக்கே வளவு என்று போகிற இடத்தில் பகிடிக்கு என்ன வேலை?

அகராதிகளை உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைக்காது. சொல் சிறியது, மூன்றே எழுத்து: டபிள்யூ, ஐ, ரீ. பார்வைக்குத் தெரிந்த சொல் மாதிரி இருக்கும். ஆனால் உறுதியில் நிற்பது வேறு சொல், செத்துப்போன ஒரு வினைச்சொல். உறுதி பெயர்ப்பவர்களும், உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகளும், 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தை இன்னும் கையில் வைத்திருக்கும் வீடுகளும் இந்தச் சொல்லில் தடுக்கி விழ இடமுண்டு. கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ இருந்துகொண்டு, ஒரு கைத்தொலைபேசியும் கொஞ்சம் டேட்டாவும் மட்டும் வைத்து, எந்த அகராதியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே இங்கே கணக்கு.

அகராதியைக் குறை சொல்லுமுன் சரியான விடையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘விட்’ ஒரு காலத்தில் முழு வினைச்சொல். பொருள், அறிதல். ‘ஐ வொட்’ என்றால் எனக்குத் தெரியும். ‘ஐ விஸ்ட்’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘டு விட்’ என்பது ‘தட் இஸ் டு விட்’ என்ற தொடரின் வால். அறியவேண்டியது யாதெனில் என்று பொருள். இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஓடிய பிரெஞ்சுத் தொடரொன்றின் அச்சில் வார்த்தது என்பது வழமையான விளக்கம். எங்கள் பொது அறிவித்தல்களில் ‘இதனால் சகலருக்கும் அறியத்தருவது’ என்று தொடங்குகிறோமே, அந்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

வேர் இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இது ‘விட்டன்’. அதற்கும் பின்னால் போனால், மொழியியலாளர் மீட்டெடுத்த இந்தோ–ஐரோப்பிய வேருக்குப் பொருள் ‘காண்’. ‘வொட்’ என்ற நிகழ்கால வடிவம் பிறப்பில் நிகழ்காலமே அல்ல. ‘கண்டிருக்கிறேன்’ என்ற முடிவுற்ற வடிவம் அது. கண்டுவிட்டேன், ஆகவே தெரியும். கிரேக்கத்தில் ‘ஒய்டா’, சமஸ்கிருதத்தில் ‘வேத’ என்ற வினைவடிவம் ஆகிய இரண்டும் இதே வாய்பாடு, இதே பொருள். ஜெர்மனில் இன்றும் அன்றாடம் புழங்கும் ‘விசன்’ இதன் உடன்பிறப்பு. இலத்தீனில் ‘விடேரே’ பார்ப்பது; கைத்தொலைபேசியில் ஓடும் வீடியோ அங்கிருந்து வந்தது. வேதம், வித்தை என்று தமிழ் கடன் வாங்கிய சொற்களும் அந்தக் குடும்பமே. ஆக, வேதாகமத்தில் ‘விஸ்ட்’டைத் தேடுகிறவர் கையில் இருக்கும் புத்தகத்தின் தமிழ்ப் பெயரிலேயே அந்தச் சொல்லின் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது.

தமிழருக்கு இது விளங்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ‘இங்கயிருந்து பார்த்தால் கல்லடிப் பாலம் தெரியுது’ என்கிறோம். ‘அவரை எனக்குத் தெரியும்’ என்றும் சொல்கிறோம். கண்ணுக்குப் படுவதும் அறிவுக்குப் படுவதும் ஒரே ‘தெரி’. போதாததற்கு, ‘தெரியும்’ எதிர்கால வாய்பாட்டில் நின்றுகொண்டு நிகழ்காலம் சொல்கிறது. ‘வொட்’ இறந்தகால வாய்பாட்டில் நின்றுகொண்டு நிகழ்காலம் சொன்னது. இரண்டுக்கும் வேர்த் தொடர்பு கிடையாது. மனம் போன வழி மட்டும் ஒன்று.

இனி அகராதிகளுக்கு வருவோம். கையடக்க அகராதியைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். இன்றைய ஆங்கிலத்துக்காகச் செய்த புத்தகம் அது. செத்த வினைக்கு இடம் ஒதுக்காதது அதன் குற்றமல்ல. பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று பிரிக்காமல் ஒரே வரியில் பொருளைக் கொட்டுவதுதான் குற்றம். அந்த ஒரு குறி இருந்தாலே, உறுதியில் நிற்பது வேறு சொல் என்று வாசிப்பவர் சந்தேகப்படுவார்.

ஆங்கில வேதாகமத்தில் வரும் வரிக்கென்றால், அகராதிக்கு முன் தமிழ் வேதாகமத்தைத் திறப்பது நல்லது. லூக்கா 2:49இல் ஆங்கிலம் ‘விஸ்ட் யீ நொட்’ என்று கேட்கும் இடத்தில் தமிழ் ‘அறியீர்களா’ என்கிறது. 2 கொரிந்தியர் 8:1இல் ‘டூ யூ டு விட்’ என்று வருவது இன்னும் சிக்கல். ‘டூ’ என்ற துணைவினை அங்கே ‘செய்வி’ என்ற பொருளில் நிற்கிறது, அறியச் செய்கிறோம். தமிழ் அதை ‘அறிவிக்கிறோம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அறி தன்வினை, அறிவி பிறவினை. ஆங்கிலம் இரண்டு சொல்லால் கட்டியதைத் தமிழ் ஒரு விகுதியால் கட்டுகிறது. ஆதியாகமம் 39:8இல் ‘வொட்டெத்’ என்று ஒரு வடிவம் வரும். இலக்கணப்படி அது வரக்கூடாது, ‘ஹீ வொட்’ என்றே நிற்க வேண்டும். பழைய வாய்பாடு மறந்து, ‘வொட்’டைப் புது வினை என்று நினைத்து ‘எத்’ விகுதியை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சொல் சாகத் தொடங்கும்போது உடம்பில் தெரியும் முதல் குறி இப்படியான வடிவம்தான்.

இலவச இணையத்தளங்களில் முதலில் போக வேண்டியது எட்டிமொன்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற ஒருவர் தொகுத்த சொற்பிறப்பு அகராதி. பக்கம் இலேசானது, தொலைபேசியில் சட்டென்று திறக்கும். ‘விட்’ என்று தட்டினால் பெயர்ச்சொல்லுக்கு ஒரு பதிவு, வினைச்சொல்லுக்கு ஒரு பதிவு என்று தனித்தனியே வரும். வினை என்று குறித்ததைத் தொட வேண்டும். அவசரத்தில் மேலே வருவதைத் தொட்டால் மறுபடியும் நகைச்சுவைக்கே போய்ச் சேருவீர்கள். இதன் பலம் வேர்ப்பக்கம். ‘காண்’ வேரைத் தொட்டால் வைஸ், விஷன், ஐடியா, ஹிஸ்டரி என்று அந்த வேரில் கிளைத்த ஆங்கிலச் சொற்கள் ஒரே பக்கத்தில் விரியும். பலவீனம், மேற்கோள் குறைவு என்பது. எந்த நூற்றாண்டு என்று சொல்லும். யார், எந்த வரியில் எழுதினார் என்று பெரும்பாலும் காட்டாது. வரைபடமாக வைத்துக்கொள்ளலாம், அத்தாட்சியாக வைக்கக்கூடாது.

விக்சனரி வேறு சாதி. இங்கே ஒரு எழுத்துக்கூட்டுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் அந்த எழுத்துகள் எத்தனை மொழியில் சொல்லாகுமோ அத்தனையும் வரிசையாக நிற்கும். டச்சு மொழியில் இதே மூன்று எழுத்துக்கு ‘வெள்ளை’ என்று பொருள். சின்னத் திரையில் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனால், ஆங்கிலத்தை விட்டு டச்சுக்குள் நுழைந்தது தெரியாது. மொழித் தலைப்பைப் பார்த்து, பிறகு வினை என்ற துணைத்தலைப்பைப் பார்த்து, அதற்குப் பிறகே பொருளை வாசிக்க வேண்டும். வினைத்திரிபு அட்டவணைகளுக்கும் இனச்சொல் வரிசைகளுக்கும் இது நல்லது. யாரும் திருத்தக்கூடிய தளம் என்பதால் ஒரு பதிவு பொன்னாகவும் அடுத்தது பதராகவும் இருக்கும். மேற்கோளோடு நிற்கும் பொருளை நம்பலாம். மேற்கோள் இல்லாமல் தொங்குவதை இன்னொரு இடத்தில் ஒத்துப் பார்க்காமல் எடுக்கக்கூடாது.

உண்மையான சுரங்கம் அடுத்த இரண்டும். ஒன்று பொஸ்வர்த்–டொல்லர், பழைய ஆங்கிலத்துக்கு. முதன்மைத் தொகுதி 1898இல் வந்தது, டொல்லர் செய்த பின்னிணைப்பு 1921இல். பிராகா நகரத்துச் சார்ல்ஸ் பல்கலைக்கழகம் இதை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. மற்றது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. 1952 முதல் 2001 வரை அச்சில் வந்து முடிந்தது. ஏறத்தாழ 1100 தொடக்கம் 1500 வரையான ஆங்கிலம் அதற்குள். இதுவும் இலவசம். ஐந்து சதம் கட்டாமல் இந்த இரண்டும் கிடைப்பது நல்ல காலம். ஆனால் இரண்டையும் பாவிக்கத் தெரிய வேண்டும்.

பொஸ்வர்த்–டொல்லரில் பிழைக்கும் இடம், நெட்டுயிர். குறில் ‘விட்டன்’ அறிவது. நெடில் ‘வீட்டன்’ வேறு வினை; குற்றம் சாட்டுவது அதன் பொருள்களில் ஒன்று. முன்னால் ‘யெ’ என்ற ஒட்டு வந்து நெடிலாகவும் இருந்தால், புறப்பட்டுப் போவது. ஆங்கில எழுத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். இந்த அகராதியில் நெடிலுக்கு அடையாளம், உயிரெழுத்தின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு சிறு கோடு மட்டும். தொலைபேசித் திரையில் அந்தக் கோடு ஐயின் மேலுள்ள புள்ளியோடு கலந்துவிடும். பெரிதாக்கிப் பார்க்காமல் பொருளை எடுக்கக்கூடாது. குற்றம் சாட்டும் வினைக்கும் பிள்ளைகள் இருக்கின்றன: கிண்டல் பண்ணுவதற்கு ஆங்கிலத்தில் ‘ட்விட்’ என்ற வினை உண்டே, அது இந்த நெடிலின் வழி வந்தது, குறிலின் வழி அல்ல. குறில் நெடில் பார்த்து வளர்ந்த தமிழர் இந்த இடத்தில் பிழைக்கக் காரணமே இல்லை, எழுத்து கண்ணில் பட்டால்.

மிச்சிகன் அகராதியில் சிக்கல் வேறு. இடைக்காலத்தில் எழுத்துக்கூட்டு ஊருக்கொன்று, எழுதுநருக்கொன்று. தலைச்சொல் ‘விட்டென்’ என்ற ஒரு வடிவத்தில் நிற்கும். நீங்கள் நூலில் கண்ட வடிவத்தை அப்படியே போட்டால் சில வேளை வெறுங்கையோடு திரும்புவீர்கள். தேடல் பெட்டியில் மாற்று எழுத்துக்கூட்டையும் சேர்த்துத் தேடும் தெரிவை எடுக்க வேண்டும். அப்படியும் அகப்படாவிட்டால் மேற்கோள்களுக்குள் தேட வேண்டும். ‘நோட்’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சோசரின் கன்டபெரிக் கதைகளின் முகவுரையில், வணிகனைப் பற்றிச் சொல்லி முடிக்கும் இடத்தில் ‘ஐ நோட்’ என்று வருகிறது. அந்த ஆளின் பெயர் எனக்குத் தெரியாது என்பது கருத்து. ‘நெ’ என்ற எதிர்மறையும் ‘வொட்’டும் ஒட்டிப்போனால் ‘நோட்’. தெரியும் ஒரு சொல், தெரியாது இன்னொரு சொல் என்று நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் இருந்திருக்கிறது. இன்றைய அகராதி எதைப் பிரித்தாலும் இந்த ‘நோட்’ கிடைக்காது. மிச்சிகனில் ஒரே வினைக்கு இத்தனை உருவமா என்று மலைக்கும் அளவுக்கு வடிவங்கள் வரிசையாக நிற்கும். பொருட்பிரிவுகள் மிக நுணுக்கம். ஒரு சாதாரண வாசகருக்கு முதல் இரண்டு மூன்று பிரிவு போதும். குறை என்றால், வேரைப் பற்றி இது அதிகம் பேசாது. பழைய ஆங்கிலச் சொல்லைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

கடைசியாக ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. இதற்கான யோசனை 1857இல் எழுந்தது. முதல் பகுதி 1884இல் அச்சாகி, 1928இல் வேலை முடிந்தது. எங்கள் சொல்லுக்கு இதில் ஒரு தனி இடம் இருக்கிறது. எக்ஸ், வை, செட் எழுத்துகள் 1921இலேயே வெளியாகிவிட, டபிள்யூவின் வால் மட்டும் இழுபட்டு, ‘வைஸ்’ தொடங்கி முடியும் பகுதிதான் 1928 ஏப்ரலில் கடைசியாக வந்தது. ‘விட்’ அதற்குள். நாற்பத்து நான்கு வருட அனுபவம் கைக்கு வந்த பிறகு செய்த பதிவு என்பதை, வடிவங்களைப் பிரித்து அடுக்கியிருக்கும் விதத்தில் காணலாம்.

1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதி, 21,730 பக்கம். வீட்டில் வைக்கும் சாமானல்ல. இணையப் பதிப்புக்கான தனியாள் சந்தாவை ரூபாயில் பெருக்கினால், ஒரு சொல்லுக்காகக் கட்டும் காசுமல்ல. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிறவர்கள், பல்கலைக்கழக நூலகம் சந்தா வைத்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். லண்டனில் உறவினர் இருந்தால் இன்னொரு வழி உண்டு: பிரித்தானியப் பொது நூலகங்கள் பல, தங்கள் உறுப்பினருக்கு வீட்டிலிருந்தே இந்த அகராதியைப் பார்க்க அனுமதி தருகின்றன. அட்டை இலக்கத்தை வாங்கிப் பாவிப்பது முறையல்ல. பார்த்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டும் இல்லாதவருக்கு முதல் பதிப்பின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறது. பத்தாம் தொகுதியின் இரண்டாம் பாகம், வி தொடக்கம் செட் வரை. முழுக் கோப்பையும் இறக்க வேண்டாம், டேட்டா கரைந்துவிடும். உலாவியிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பக்கத் தலையில் இருக்கும் சொல்லைப் பார்த்துப் பாதி பாதியாகத் தாண்டினால் சில தடவைக்குள் இடத்துக்கு வந்துவிடலாம். உள்ளே தேடும் பெட்டியை நம்பக்கூடாது. பொடி எழுத்தை இயந்திரம் பிழையாக வாசித்திருக்கும். பழைய ‘தோர்ன்’ எழுத்தைப் ‘பீ’ என்று எடுத்துவிடும்.

பக்கம் கிடைத்த பிறகும் வாசிப்பது ஒரு வித்தை. தலைச்சொல்லுக்கு முன் குத்துவாள் போன்ற ஒரு குறி நின்றால் அந்தச் சொல்லே வழக்கொழிந்தது. பொருள் இலக்கத்துக்கு முன் நின்றால் அந்தப் பொருள் மட்டும் வழக்கொழிந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். வேர்ப்பகுதியில் ஒரு சொல்லின் முன் நட்சத்திரக் குறி வந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கண்டதல்ல, கணித்து எழுதியது. எல்லாவற்றிலும் மோசமாக ஏமாற்றுவது வடிவங்களின் வரிசையில் வரும் தனி இலக்கங்கள். ‘4–6’ என்று இருந்தால் நாலாம் பொருள் தொடக்கம் ஆறாம் பொருள் வரை அல்ல. 14ஆம் நூற்றாண்டு தொடக்கம் 16ஆம் நூற்றாண்டு வரை. முன்னால் நிற்க வேண்டிய ஒன்றை அச்சு இடத்தை மிச்சப்படுத்த விட்டுவிட்டார்கள். தனியே ‘1’ என்று நின்றால் 1100க்கு முன் என்று கொள்ள வேண்டும். இது தெரியாமல் வாசித்தால் பதிவு முழுவதும் கிரந்தம் மாதிரி இருக்கும். தெரிந்துவிட்டால் ஒரு வடிவம் எப்போது பிறந்து எப்போது செத்தது என்பதை இரண்டு விரற்கடை இடத்தில் பார்த்துவிடலாம்.

அகராதியின் தரத்தைக் கடைசியாகச் சோதிக்க ஒரு பொறி இருக்கிறது: ‘ஐ விஸ்’. பார்த்தவுடன் ‘நான் அறிவேன்’ என்று சொல்லத் தோன்றும். பின்னாளில் பழமை வாசம் வீசுவதற்காக எழுதியவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்துப் பாவித்தார்கள். உண்மையில் அது ‘இவிஸ்’ என்ற ஒரே சொல்; நிச்சயமாக என்று பொருள்; ஜெர்மனில் இன்றும் ‘கெவிஸ்’ உண்டு. ஏடெழுதியவர்கள் முதலெழுத்தைப் பிரித்து எழுத, அது ‘ஐ’ என்ற தன்மைப் பெயராகிவிட்டது. பிழையான பதப்பிரிப்பில் பிறந்த வினை. ஆக்ஸ்ஃபோர்டு இதைத் தனியே எடுத்து, இது இல்லாத வினை என்று சொல்லிவிடுகிறது. ஒரு அகராதி ‘விஸ்’ஸை மறுபேச்சில்லாமல் ‘அறி’ என்று எழுதினால், அதன் மற்றப் பழஞ்சொற்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுக்க வேண்டும்.

சொல் ஏன் செத்தது என்று கேட்பவருக்குச் சுருக்கமாக: பக்கத்தில் அறிதலையே குறிக்கும் ‘நோ’ என்ற இன்னொரு வினை இருந்தது, அது இரண்டு பேரின் வேலையையும் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் இன்னும் ‘விசன்’, ‘கெனன்’ என்று இரண்டையும் வைத்திருக்கிறது. ‘நோ’வின் வேர் சமஸ்கிருதத்தில் ‘ஞா’. ஞானம் அங்கிருந்து தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஞானத்தின் உறவு வாழ்ந்தது, வேதத்தின் உறவு உறுதிக்குள்ளும் ‘அன்விட்டிங்லி’ (அறியாமல்) போன்ற சொற்களுக்குள்ளும் ஒதுங்கியது.

இந்த வரிசையைக் கண்டதும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். விடை, வித்து, விதி எல்லாவற்றையும் ‘விட்’டோடு கட்டிவிடுவார்கள். ஒலி ஒத்தால் உறவாகாது. இலத்தீனில் ‘டீ’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ரீ’ வரும் என்ற ஒழுங்கு, இரண்டைக் குறிக்கும் ‘டுவோ–டூ’, பத்தைக் குறிக்கும் ‘டெகெம்–டென்’ என்று சொல்லுக்குச் சொல் நிற்பதால்தான் ‘விடேரே’யும் ‘விட்’டும் சொந்தம் என்கிறோம். தமிழ் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ‘ட’ என்பதால் இந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ‘வித்து’ திராவிடச் சொல். ‘விதி’ சமஸ்கிருதம்தான், ஆனால் வேறு வேர்.

வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது: எட்டிமொன்லைனில் வினைப் பதிவைப் பிடித்து வேரைக் குறித்துக்கொள்ளுங்கள், மிச்சிகனில் உங்கள் வரிக்குக் கிட்டிய மேற்கோளைத் தேடுங்கள், நெடிலா குறிலா என்ற ஐயம் வந்தால் மட்டும் பொஸ்வர்த்–டொல்லருக்குப் போங்கள், காலக் கணக்கு வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கேன். விக்சனரியை ஒத்துப் பார்க்க வையுங்கள். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம் என்றால், மிச்சிகன்.

உறுதிப் பெயர்ப்புக்கு வந்தால், ‘டு விட்’டுக்குப் பின் பல துண்டுக் காணிகள் இலக்கமிட்டு வந்தால் ‘விபரம் வருமாறு’ என்று போடுவது பொருந்தும். முன்னால் சொன்ன ஒன்றையே பின்னால் விளக்கினால் ‘அதாவது’. முக்காற்புள்ளியைத் தமிழிலும் விடாமல் போட வேண்டும்; அது விழுந்தால் முதல் துண்டின் வடக்கெல்லை முன்வாக்கியத்தோடு ஒட்டிவிடும்.